ஒரே சீட், வேறு பூ: ரேண்டம் டெஸ்ட் ஒன்றை மறுபடி ஃபெயில் ஆக வைப்பது எப்படி

தோவாளைப் பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடைக்கு பில் மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். விவசாயி பிச்சியோ அரளியோ கொண்டு வருகிறார். எடை போட்டு, அந்த நேரத்து விலையால் பெருக்கி, முழு ரூபாய்க்குத் திருத்தி, கமிஷன் கழித்து மீதியைக் கொடுக்கிறார்கள். கமிஷன் நூற்றுக்குப் பத்து என்று உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கணக்குக்கு ஒரு ரேண்டம் டெஸ்ட் எழுதுகிறோம். எடையையும் விலையையும் கம்ப்யூட்டரே ஏதோ ஒன்றாக உருவாக்கும், பில் போடும். கமிஷனையும் விவசாயிக்குப் போகும் தொகையையும் கூட்டினால் மொத்தம் திரும்ப வருகிறதா என்று டெஸ்ட் பார்க்கும்.

டெஸ்ட் பல நாள் பச்சையாகவே, அதாவது பாஸாகவே ஓடுகிறது. ஒரு நாள் சிவப்பு, ஃபெயில். உடனே மறுபடி ஓட்டினால் பச்சை. "ரீ-ரன் குடு மக்கா, பச்சையாயிரும்" என்பதுதான் பக்கத்து நாற்காலியிலிருந்து வரும் முதல் யோசனை. பச்சையும் ஆகிவிடும். ஆனால் அந்தச் சிவப்பு ஓட்டத்தில் மொத்தம் 165 ரூபாய் என்று ஒரு பில் வந்திருந்தது. புரோகிராம் கமிஷனைத் தனியாக முழு ரூபாய்க்குத் திருத்தியது, விவசாயியின் பங்கையும் தனியாகத் திருத்தியது. 165இல் பத்து சதவீதம் 16.50, மீதி 148.50. பைத்தானின் ரவுண்ட் ஃபங்ஷன் சரிபாதியில் நிற்கிற எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும். ஆகவே 16, 148. இரண்டும் சேர்ந்து 164. ஒரு ரூபாய் காணோம்.

175 ரூபாய் பில்லில் இதே கணக்கு 18, 158 என்று போய் 176 ஆகும், ஒரு ரூபாய் கூடிவிடும். 5இல் முடிகிற ஒவ்வொரு மொத்தமும் இப்படி ஒரு ரூபாய் குறைந்தோ கூடியோதான் வரும், வேறு எந்த முழு ரூபாய் மொத்தமும் வராது. குறைவதும் கூடுவதும் மாறி மாறி வருவதால் நாள் முடிவில் கடைக் கணக்கில் பெரும்பாலும் சரிக்குச் சரியாகிவிடும். ராத்திரி கல்லாவை எண்ணுகிறவருக்குத் தெரியவே தெரியாது. தனித்தனி விவசாயிக்குத்தான் தெரியும். ரீ-ரன் பொத்தான் அழிப்பது இந்தத் தகவலைத்தான். அதனால்தான் ஒருமுறை ஃபெயில் ஆன ரேண்டம் டெஸ்ட்டை அதே மாதிரி மறுபடி ஃபெயில் ஆக வைக்கும் வசதியை முதல் நாளே கட்ட வேண்டும் என்கிறேன். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அந்தப் பிறகு வருவதற்குள் டீம் மொத்தமும் சிவப்பை நம்பாமல் போய்விடும்.

எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டத்துக்கு ஒரே ஒரு பில் உருவாக்கினால் மேலே சொன்ன பக் (கோடின் பிழை) பத்தில் ஒன்பது முறை தப்பிக்கும். ஓட்டத்துக்கு 100 பில் உருவாக்கினால் தப்பிக்கும் வாய்ப்பு 0.9இன் நூறாவது அடுக்கு, லட்சத்துக்கு மூன்றுக்கும் குறைவு. ஆயிரம் உள்ளீட்டில் ஒன்றில்தான் தெரிகிற பக் என்றால் 100 பில் ஓட்டமும் பத்தில் ஒன்பது முறை பச்சையாகவே இருக்கும். அப்படிப்பட்ட ஒன்றை 95 சதவீத நிச்சயத்தோடு பிடிக்கக் கிட்டத்தட்ட 3000 உள்ளீடு வேண்டும். அபூர்வமான பக் எவ்வளவு அபூர்வமோ அவ்வளவுக்கு, அது ஒருமுறை தலைகாட்டும்போது கையில் பிடித்து வைப்பது அவசியம்.

சீட் என்ன செய்கிறது

டெஸ்ட்டுகளில் நாம் பயன்படுத்தும் ரேண்டம் எண்கள் நிஜ ரேண்டம் இல்லை. ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்குப் போட்டு வரிசையாக வருகிறவை. அந்தத் தொடக்க எண்தான் சீட், அதாவது விதை எண். பைத்தானில் பின்னால் ஓடுவது மெர்சென் ட்விஸ்டர், மாட்சுமோட்டோவும் நிஷிமுராவும் 1998இல் வெளியிட்டது. அதன் உள்நிலை 624 எண்கள், காகிதத்தில் போட்டுக் காட்ட முடியாது. அதனால் கைக்கு அடக்கமான ஒன்றை எடுத்துக்கொள்வோம்: முந்தைய எண்ணை 5ஆல் பெருக்கு, 3 கூட்டு, 16ஆல் வகுத்து மீதியை எடு. 7இல் ஆரம்பித்தால் 38, மீதி 6. அடுத்து 33, மீதி 1. அப்படியே 8, 11, 10, 5 என்று போகும். யார் போட்டாலும், எந்த மெஷினில் போட்டாலும் 7க்குப் பின் 6, 1, 8, 11, 10, 5தான்.

இப்போது பில் டெஸ்ட் ஒவ்வொரு பில்லுக்கும் இரண்டு எண் எடுக்கிறது, ஒன்று எடைக்கு, ஒன்று விலைக்கு. மூன்று பில்கள்: (6, 1), (8, 11), (10, 5). இரண்டாவது பில்லில் ஃபெயில் ஆனது, சீட் 7 என்று குறித்து வைத்தோம். அடுத்த வாரம் ஒருவர் ஈரப்பூவுக்குக் கழிவு என்று இன்னொரு எண் எடுக்கும்படி கோடை மாற்றுகிறார். அதே சீட் 7. பில்கள் இப்போது (6, 1, 8), (11, 10, 5). முதல் பில்லின் எடையும் விலையும் அப்படியே இருக்கின்றன. இரண்டாவதில் இருந்து எல்லாம் சரிந்துவிட்டது. 8 எடை, 11 விலை என்கிற அந்தப் பில் இந்த உலகத்திலேயே இல்லை.

சீட் ஒரு சுருக்கெழுத்து என்பதை இதிலிருந்து பார்க்கலாம். அதை விரித்துப் படிக்க, சீட் உருவான அன்று எந்த வரிசையில், எத்தனை முறை, எந்த எல்லைக்குள் எண் எடுக்கப்பட்டதோ அந்த வழி முழுதும் அசையாமல் இருக்க வேண்டும். பக்கைப் பிடிக்க முடியாமல் போன பெரும்பாலான இடங்களில் சீட் லாகில், அதாவது ஓட்டத்தின் பதிவில் இருந்தது, வழிதான் மாறியிருந்தது.

சீடை எடுப்பதும் அச்சிடுவதும்

எடுப்பதில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆபரேட்டிங் சிஸ்டம் தருகிற ரேண்டத்திலிருந்து 64 பிட் எண் ஒன்றை வாங்குங்கள், பைத்தானில் சீக்ரெட்ஸ் மாட்யூல் இதைச் செய்யும். விநாடிக் கணக்கில் நேரத்தை சீடாக வைக்க வேண்டாம். ஒரே விநாடியில் கிளம்புகிற எட்டு ஜாப்களுக்கும் ஒரே சீட் விழும், எட்டு மெஷின் காசு கொடுத்து ஒரே டெஸ்ட்டை எட்டு முறை ஓட்டுவோம்.

அச்சிடுவதில்தான் கோட்டை விடுகிறார்கள். சீடை டெஸ்ட் முடிந்தபின் அச்சிடாதீர்கள், முதல் டெஸ்ட் தொடங்குவதற்கு முன்பே அச்சிட்டு பஃபரை (வெளியே எழுதப்படக் காத்திருக்கும் வரிகளை) உடனே காலி செய்யுங்கள். டெஸ்ட் தொங்கிப்போய் டைம்-அவுட்டில் கொல்லப்பட்டாலும், மெமரி பிழையில் புரோகிராமே விழுந்தாலும், பஃபரில் இருந்த வரி லாகுக்கு வந்து சேராது. அப்படிப்பட்ட ஓட்டத்தின் சீட்தான் நமக்கு மிகவும் வேண்டியது.

வெறும் எண்ணை அச்சிடாமல், காப்பி பண்ணி டெர்மினலில் ஒட்டினால் அப்படியே ஓடுகிற முழுக் கட்டளையாக அச்சிடுங்கள். சீட், கமிட் எண் (கோடின் எந்த நிலை என்று காட்டுவது), மொழியின் பதிப்பு, டைம்ஸோன் எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கட்டும், டெஸ்ட் ஃபெயில் ஆனால் அதன் பெயரையும் சேர்த்து இன்னொரு முறை அச்சிடுங்கள். இன்னொன்று: 64 பிட் சீடை ஜேசானில் எண்ணாக எழுதி ஜாவாஸ்கிரிப்ட் வழியாகக் கொண்டு போனால் 2இன் 53ஆம் அடுக்குக்கு மேல் கடைசி இலக்கங்கள் மாறிவிடும். பார்வைக்குச் சரியாக இருக்கும், ஓட்டினால் வேறு வரிசை வரும். சீடை எப்போதும் எழுத்துச் சரமாகவே வைத்திருங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் புது சீடா, நிலையான ஒரே சீடா என்கிற வழக்கு எப்போதும் உண்டு. நிலையான சீட் வைத்தால் ஆயிரம் முறை ஓட்டினாலும் அதே நூறு பில்தான். மற்றவர் அனுப்பும் கோடை இணைப்பதற்கு முன் ஓடுகிற டெஸ்ட்டில் அதுவே நல்லது என்பது என் தீர்ப்பு, சம்பந்தமே இல்லாத பழைய பக் ஒன்று புதிதாக வந்தவரின் மாற்றத்தை மறிக்கக் கூடாது. பைத்தானில் ரேண்டம் டெஸ்ட் எழுத உதவும் ஹைப்பாத்தசிஸ் லைப்ரரியில் டீரேண்டமைஸ் என்ற செட்டிங் இதைத்தான் செய்கிறது. ராத்திரி ஓடுகிற நீண்ட ஓட்டத்தில் தினமும் புது சீட் வைத்து, பில் எண்ணிக்கையையும் நூறிலிருந்து பத்தாயிரமாக ஏற்றுங்கள். தேடுகிற வேலை அங்கே நடக்கட்டும்.

டெஸ்ட்டுக்கு ஒரு ஓடை

எல்லா டெஸ்ட்டுகளும் ஒரே பொது ரேண்டத்திலிருந்து எண் எடுத்தால், முதல் டெஸ்ட்டில் ஒரு எண் கூடினாலும் பின்னால் வருகிற இருநூறு டெஸ்ட்டும் சரியும். ஃபெயில் ஆன ஒன்றை மட்டும் தனியாக ஓட்டவும் முடியாது, முன்னால் இருப்பவை எடுத்த எண்கள் இப்போது எடுக்கப்படாமல் கிடக்கும். இதற்கு மருந்து, ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தனி ஜெனரேட்டர். ஓட்டத்தின் சீடையும் டெஸ்ட்டின் முழுப் பெயரையும் சேர்த்து ஒரு சரமாக்கி, எஸ்.எச்.ஏ.-256 (ஒரே சரத்துக்கு எங்கும் ஒரே எண்ணைத் தரும் ஹாஷ் முறை) போட்டு, முதல் 8 பைட்டை அந்த டெஸ்ட்டின் சீடாக வையுங்கள். பத்து வரி கோடுகூட ஆகாது.

இங்கே இரண்டு குழிகள். ஓட்டத்தின் சீட் கூட்டல் ஒன்று, கூட்டல் இரண்டு என்று வைப்பது முதலாவது. ஓட்டத்தின் சீடும் நாளுக்கு ஒன்று கூடுகிற எண்ணாக இருந்தால் இன்றைய ஓட்டத்தின் மூன்றாவது டெஸ்ட்டும் நாளைய ஓட்டத்தின் இரண்டாவதும் ஒரே ஓடையில் குளிக்கும், சில எளிய ஜெனரேட்டர்களில் அடுத்தடுத்த சீடுகள் ஒன்றையொன்று ஒத்த எண்களையும் கொடுக்கும். நம்பை (NumPy) லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு சீட்சீக்வன்ஸில் ஸ்பான் என்று இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. இரண்டாவது குழி, எஸ்.எச்.ஏ.-256க்குப் பதில் பைத்தானின் சொந்த ஹாஷ் ஃபங்ஷனைப் பயன்படுத்துவது. அது ஏன் குழி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த முழு விஷயத்திலும் அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான்.

பூ மாறுகிற இடம்

மல்லி, பிச்சி, அரளி, சம்பங்கி, கனகாம்பரம் என்று ஐந்து பூப்பெயர்களை பைத்தானில் ஒரு செட்டாக, அதாவது வரிசை இல்லாத தொகுப்பாக வைத்திருக்கிறோம். செட்டிலிருந்து நேரடியாக ஒன்றை எடுக்க முடியாது, அதனால் லிஸ்ட்டாக மாற்றி ரேண்டம் சாய்ஸ் போடுகிறோம். சீட் 7 என்று வைத்து ஓட்டினால் ஒரு முறை அரளி வருகிறது, அதே சீட் 7இல் மறுமுறை மல்லி வருகிறது. சீட் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். சீட் தன் வேலையைச் சரியாகவே செய்தது, இரண்டு முறையும் ஒரே இடத்தைத்தான் கேட்டது. அந்த இடத்தில் இருந்த பூதான் மாறிவிட்டது.

காரணம் இது. எழுத்துச் சரங்களின் ஹாஷ் மதிப்பைப் பைத்தான் ஒவ்வொரு புரோசஸுக்கும், அதாவது புரோகிராம் புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு முறையும், வேறு வேறாகக் கலைக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் ஒரே ஹாஷ் விழுகிற சரங்களை வேண்டுமென்றே அனுப்பி சர்வரை முடக்கக் கூடாது என்பதற்காக 3.3 பதிப்பிலிருந்து இது தானாகவே இயங்குகிறது. செட்டுக்குள் பெயர்கள் உட்காரும் இடம் ஹாஷைப் பொறுத்தது, ஆகவே லிஸ்ட்டாக்கும்போது வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். டிக்‌ஷனரிக்கு இந்தத் தொல்லை இல்லை, 3.7 முதல் போட்ட வரிசையிலேயே திரும்ப வரும் என்பது மொழியின் உத்தரவாதம். முழு எண்களின் ஹாஷும் கலைவதில்லை. அதனால் எண்களை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கிறவர் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவார்.

சரி செய்ய இரண்டு வழி. பைத்தான்ஹாஷ்சீட் என்ற சூழல் மாறியை ஒரு எண்ணாக நிறுத்தலாம், 0 முதல் 4294967295 வரை எதுவும் ஆகலாம். புரோசஸ் தொடங்குவதற்கு முன் அது ஷெல்லிலோ சி.ஐ. (கோடு மாறும்போது டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் அமைப்பு) கோப்பிலோ இருக்க வேண்டும், டெஸ்ட் கோடுக்குள்ளிருந்து அமைத்தால் காலம் கடந்துவிட்டது. இரண்டாவது, எண் எடுக்கும் முன் செட்டை வரிசைப்படுத்துவது. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். முதல் வழி நம் மெஷினில் வரிசையை உறைய வைக்கிறது, வரிசையை நம்பியிருக்கும் பிழை கோடில் அப்படியே இருக்கும். தவிர, தனி ஹாஷ் மெத்தட் இல்லாமல் நாமே எழுதிய கிளாஸின் ஆப்ஜெக்ட்களை செட்டில் போட்டால் அவற்றின் ஹாஷ் மெமரி முகவரியிலிருந்து வருகிறது, பைத்தான்ஹாஷ்சீட் அதைத் தொடவே தொடாது.

டெஸ்ட்டுகளைப் பல புரோசஸில் பிரித்து ஓட்டும் பைடெஸ்ட் எக்ஸ்டிஸ்ட்டில் இதே பிழை வேறு முகத்தோடு வரும். டெஸ்ட்டின் அளவுருக்களை ஒரு செட்டிலிருந்து கொடுத்திருந்தால் ஒவ்வொரு வொர்க்கரும் வேறு வரிசையில் டெஸ்ட்டுகளைச் சேகரித்து, சேகரித்தவை பொருந்தவில்லை என்று ஓட்டத்தையே நிறுத்திவிடும். செய்தியைப் பார்த்து பிளக்இன்னைத் திட்டுவார்கள். கைவைக்க வேண்டிய இடம் அந்தச் செட்.

மற்ற மொழிகளிலும் இந்தக் கதை உண்டு. கோ மொழியில் மேப்பைச் சுற்றி வரும் வரிசையை வேண்டுமென்றே கலைக்கிறார்கள், சாவிகளை எடுத்து வரிசைப்படுத்தியே தீர வேண்டும். ஜாவாவில் ஹாஷ்மேப் நடைமுறையில் ஒரே வரிசையில் வந்து நம்மைப் பழக்கிவிடும், ஆனால் ஜாவா 9இல் வந்த செட் ஆஃப், மேப் ஆஃப் இரண்டும் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும்.

சீடுக்கு எட்டாத மற்றவை

சந்தை விடியுமுன்னே சூடு பிடித்துவிடும் என்பது தோவாளைப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கும் தெரியும். அதிகாலை 4:10க்குப் போட்ட பில்லின் நேரம் யு.டி.சி. (உலகப் பொது நேரம்) கணக்கில் முந்தின நாள் இரவு 10:40. சி.ஐ. சர்வர் யு.டி.சி.யில் ஓடும், நாகர்கோவிலில் இருக்கிற லேப்டாப் இந்திய நேரத்தில் ஓடும். நள்ளிரவிலிருந்து 5:30 வரை விழுகிற எந்த நேரமும் அங்கே தேதி மாறி ஃபெயில் ஆகும், இங்கே பாஸ் ஆகும், சீட் ஒன்றே ஆனாலும். கடிகாரத்தை நேரடியாகக் கேட்காமல் நேரத்தை வெளியிலிருந்து கொடுக்கிற மாதிரி கோடை எழுதி, அந்த நேரத்தையும் சீடிலிருந்தே உருவாக்குங்கள், டைம்ஸோனை வெளிப்படையாக நிறுத்துங்கள். கூடவே, 24 மணி நேரத்தையும் சமமாகப் பிரித்து நேரம் உருவாக்கினால் இந்த ஐந்தரை மணி நேரத்துக்குக் கால் பங்குகூடக் கிடைக்காது. நிஜத்தில் பில்கள் குவிவதோ அந்த நேரத்தில்தான். ஜெனரேட்டர் சந்தையைப் போல இருக்கட்டும், விடியுமுன் நேரங்களுக்கு அதிகப் பங்கு கொடுங்கள்.

தமிழ்ப் பெயர்களில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. கொழுந்து என்ற பெயரில் முதல் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகப் போடலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனி குறிகளாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான், ஒப்பிட்டால் சமம் இல்லை. ரேண்டம் ஜெனரேட்டர் இரண்டாவது வகையை உருவாக்கி, விலைப்பட்டியலில் அந்தப் பெயர் இல்லை என்று டெஸ்ட் ஃபெயில் ஆனால், லாகிலிருந்து பெயரைக் கையால் தட்டச்சு செய்து ஓட்டிப் பார்க்கிறவருக்கு அது பாஸ் ஆகும். ஆகவே ஃபெயில் ஆன உள்ளீட்டைக் குறியெண்களாக அச்சிட வேண்டும். பைத்தானில் ரெப்ர் தமிழை அப்படியே காட்டும், ஆஸ்கி ஃபங்ஷன்தான் ஒவ்வொரு குறியையும் பிரித்துக் காட்டும். பிழையைத் திருத்துவது சுலபம், பெயரை உள்ளே வாங்கும்போதே யூனிகோட் நார்மலைசேஷன் செய்துவிடுங்கள்.

இன்னும் சில, வேகமாக. ஃபோல்டரிலுள்ள கோப்புகளைப் பட்டியலிட்டால் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. டேட்டாபேஸில் ஆர்டர் பை இல்லாத செலக்ட்டும் அப்படியே. ரேண்டமாக உருவாகும் அடையாள எண்ணான யு.யு.ஐ.டி. நான்காம் வகை நம் சீடைக் கேட்காது. ஜாவாஸ்கிரிப்ட்டின் மேத் ரேண்டத்துக்கு சீட் கொடுக்கவே வழியில்லை, தனி ஜெனரேட்டர் கொண்டு வர வேண்டும். சி++இல் எம்.டி.19937 என்ற மெர்சென் ட்விஸ்டர் எந்த கம்பைலரிலும் ஒரே எண்களைத் தரும், சீட் கொடுக்காமல் ஓட்டினால் பத்தாயிரமாவது எண் 4123659995 என்று தரநிலையிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அந்த எண்ணை 1 முதல் 100க்குள் கொண்டு வருகிற டிஸ்ட்ரிப்யூஷனுக்கு அப்படி விதி இல்லை, லினக்ஸில் வந்த விலை விண்டோஸில் வராமல் போகலாம். பைத்தானும் ரேண்டம் என்ற அடிப்படை மெத்தடின் வரிசைக்குத்தான் பதிப்புகள் தாண்டி உத்தரவாதம் தருகிறது, சாய்ஸ், ஷஃபிள் போன்றவை மாறலாம். 3.2இல் ஒருமுறை மாறவும் செய்தன. லாக் வரியில் மொழியின் பதிப்பையும் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வாங்குகிற இடத்துக்கு மென்பொருள் எழுதினால், எடையை உலர் ரப்பர் சதவீதத்தால் பெருக்கி நாள் முழுதும் கூட்டுவார்கள். அந்தக் கூட்டலை நாலு திரெட்டில் (ஒரே நேரத்தில் ஓடும் கிளைகளில்) பிரித்தால் எது முதலில் முடிகிறதோ அதற்கேற்பக் கடைசி தசமம் மாறும், மிதவைப் புள்ளி எண்களில் கூட்டுகிற வரிசை விடையைத் தொடும். கிராமையும் பைசாவையும் முழு எண்ணாக வைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

திரெட் வரிசையைப் பொறுத்த பக்குக்கு சீட் மட்டும் கைகொடுக்காது, திரெட்களை ஓட்டுவது ஆபரேட்டிங் சிஸ்டம். டெஸ்ட்டில் நிஜத் திரெட்டை விட்டுவிட்டு, வேலைகளை ஒரு வரிசையில் நிறுத்தி அடுத்து யார் என்பதை சீட் முடிவு செய்கிற ஒரு சின்ன ஷெட்யூலர் எழுதுவது பலன் தரும். கோ மொழிக்காரர்களுக்கு ரேஸ் டிடெக்டர் இருக்கிறது, டெஸ்ட் பாஸ் ஆன ஓட்டத்திலேயே பல மோதல்களைக் காட்டிக் கொடுக்கும்.

டெஸ்ட்டுகளின் வரிசையும் ஒரு உள்ளீடு

விலைப்பட்டியல் பொது மாறியில் இருக்கிறது. சந்தை விடுமுறை நாளைச் சோதிக்கிற டெஸ்ட் ஒன்று பிச்சியின் விலையைப் பூஜ்யமாக்கிவிட்டு, திரும்ப வைக்காமல் போய்விடுகிறது. அதற்குப் பின்னால் ஓடுகிற பில் டெஸ்ட் ஃபெயில், முன்னால் ஓடினால் பாஸ். வரிசையைக் கலைத்து ஓட்டினால்தான் இது வெளியே வரும், கலைத்த வரிசையைத் திரும்பக் கொண்டு வர முடிந்தால்தான் பயன்.

பைடெஸ்ட்டின் ரேண்டம்லி பிளக்இன் இரண்டையும் செய்யும். வரிசையைக் கலைக்கும், ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன் சீடைப் புதிதாக வைக்கும், ஓட்டத்தின் தலைப்பில் சீடை அச்சிடும். ரேண்டம்லி-சீட் ஆப்ஷனில் அந்த எண்ணையோ, போன முறை எண் வேண்டுமென்றால் லாஸ்ட் என்றோ கொடுக்கலாம். கோ 1.17 முதல் ஷஃபிள் ஆன் என்று கொடுத்தால் சீடை அச்சிட்டுக் கலைக்கும். ரூபியின் ஆர்ஸ்பெக்கில் பைசெக்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது, எந்த டெஸ்ட் எதைக் கெடுக்கிறது என்று தானே தேடித் தரும். அது இல்லாத மொழியில் கையால் செய்யலாம். ஃபெயில் ஆனதற்கு முன் 64 டெஸ்ட் ஓடியிருந்தால் முதல் 32ஐயும் ஃபெயில் ஆனதையும் மட்டும் ஓட்டுங்கள். ஃபெயில் ஆனால் குற்றவாளி அந்த 32இல், இல்லாவிட்டால் மற்ற 32இல். குற்றவாளி ஒன்றே என்றால் ஆறாவது ஓட்டத்தில் கையில் இருக்கும்.

சீடை விட்டு உள்ளீட்டைப் பிடித்துக்கொள்வது

ஓணம் சமயத்தில் கேரளத்துக்குப் பூ போகும், விலை ஏறும். மல்லி கிலோ ஆயிரத்தைத் தாண்டுகிற நாட்கள் உண்டு. டெஸ்ட்டில் விலை எல்லை 50 முதல் 500 என்று இருந்ததை ஒருவர் 5000 வரை நீட்டுகிறார், நீட்ட வேண்டியதுதான். அந்த நொடியில் அதுவரை குறித்து வைத்த எல்லா சீடுகளும் வேறு பில்களைக் காட்டத் தொடங்கிவிடும். பக் டிராக்கரில் சீட் எண்ணை மட்டும் எழுதி வைத்திருந்தால் அது இனி செல்லாத நோட்டு.

ஆகவே சீட் அன்றைக்கு மட்டும். ஃபெயில் ஆன அன்றே அதை வைத்து மறுபடி ஓட்டுங்கள், உள்ளீட்டை வெளியே எடுங்கள், சுருக்குங்கள், நிரந்தர டெஸ்ட்டாக எழுதிவிடுங்கள். சுருக்குவதை, 2000ஆம் ஆண்டு கிளாஸன், ஹ்யூஸ் இருவரும் ஹாஸ்கெல்லுக்கு எழுதிய குவிக்செக் வழி வந்த லைப்ரரிகள் பலவும் தாமே செய்யும். நம் பில்லின் மொத்தத்தையே உள்ளீடாக வைத்து ஹைப்பாத்தசிஸ் 165ஐக் கண்டுபிடித்திருந்தால் அதோடு நிற்காது, சின்னதாக்கிக்கொண்டே போய் மொத்தம் 5 ரூபாய் என்று காட்டும். கமிஷன் 0.50, மீதி 4.50, திருத்தினால் 0, 4. பக் என்ன என்று இதைப் பார்த்ததுமே புரியும். அந்த 5ஐ எக்ஸாம்பிள் டெகரேட்டரில் (டெஸ்ட்டின் தலைக்கு மேல் எழுதும் வரியில்) எழுதிவிட்டால் ஒவ்வொரு ஓட்டத்திலும் முதலில் அது ஓடும். ஜெனரேட்டரை யார் எப்படி மாற்றினாலும் அது அசையாது.

ஹைப்பாத்தசிஸ் ஃபெயில் ஆனவற்றைத் தன் டாட்-ஹைப்பாத்தசிஸ் ஃபோல்டரிலும் சேமித்து அடுத்த முறை முதலில் ஓட்டிப் பார்க்கும். சொந்த மெஷினில் இது அருமை. சி.ஐ.யில் ஓட்டம் முடிந்ததும் மெஷினோடு ஃபோல்டரும் போய்விடும், அதை ஆர்ட்டிஃபாக்டாக (ஓட்டம் முடிந்தும் சி.ஐ. சேமித்து வைக்கும் கோப்பாக) எடுத்து வையுங்கள். ரீப்ரொடியூஸ் ஃபெயிலியர் என்று அது அச்சிடுகிற சரமும் உதவும், அதே லைப்ரரிப் பதிப்பில் மட்டும். கோ மொழியின் ஃபஸ்ஸிங் (ரேண்டம் உள்ளீடு கொடுத்துச் சோதிக்கும் வசதி) இதில் இன்னும் நேர்த்தி: ஃபெயில் ஆன உள்ளீட்டை டெஸ்ட்டேட்டா ஃபோல்டரில் கோப்பாகவே எழுதிவிடும், கமிட் செய்தால் அன்றிலிருந்து அது சாதாரண டெஸ்ட்டின் பகுதி.

பில் பக்கின் திருத்தமும் சொல்ல வேண்டும். கமிஷனை மட்டும் திருத்துங்கள், மொத்தத்திலிருந்து அதைக் கழித்து விவசாயிக்குக் கொடுங்கள். இரண்டையும் தனித்தனியாகத் திருத்தாதவரை கூட்டுத்தொகை தவறாது. அந்த ஐம்பது பைசா யார் பக்கம் போக வேண்டும் என்பதை மட்டும் கடைக்காரரிடமும் விவசாயியிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள், மொழியின் ரவுண்ட் ஃபங்ஷனிடம் விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவையும் கட்டியபின் அது நிஜமாகவே வேலை செய்கிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் ஒன்று சி.ஐ.யில் இருக்கட்டும். ஒரே சீடில் ஜெனரேட்டரை இரண்டு தனித்தனி புரோசஸில் ஓட்டுங்கள். முதலாவதில் பைத்தான்ஹாஷ்சீட் 1, டைம்ஸோன் ஏஷியா கொல்கத்தா. இரண்டாவதில் பைத்தான்ஹாஷ்சீட் 2, டைம்ஸோன் யு.டி.சி. இரண்டும் உருவாக்கிய முதல் ஆயிரம் பில்களை ஆஸ்கி வடிவில் ஒரு கோப்பில் எழுதி எஸ்.எச்.ஏ.-256 எடுத்து ஒப்பிடுங்கள். மாறினால் இரண்டு கோப்பையும் டிஃப் போட்டு, முதலில் மாறுகிற பில் எண் எதுவென்று பாருங்கள். அந்த பில்லுக்கான எண்களை எடுத்த வரிகளுக்கு நேர் மேலே ஒரு செட்டோ, கடிகாரமோ, வரிசைப்படுத்தாத ஒரு பட்டியலோ பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும்.